வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே: வடசென்னையில் இரண்டு நாள்

வெள்ளிக்கிழமை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை முடிவுகளோடு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் வாரந்தோறும் நம் புறநோயாளர் பிரிவில் இருக்கிறார்கள். பொன்னேரியோ மீஞ்சூரோ சொந்த ஊராயின் வீட்டுக்குச் சென்று திரும்பிவிடலாம். நெல்லூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்களுக்கு அது எளிதன்று. போக ஒரு பகல், வர ஒரு பகல் என்று பேருந்திலேயே உடம்பு நைந்துவிடும். ஆகவே வாடகை அறையிலோ உறவினர் வீட்டுக் கூடத்திலோ அந்த இரண்டு நாள்களும் கழிகின்றன. சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, முடிவு எப்படி வருமோ என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பதே வேலையாகிவிடுகிறது.

அவர்களுள் சிலர் செவிலியரிடம் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்பதுண்டு: “இந்த ரெண்டு நாள்ல எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வரலாமா சிஸ்டர்?” நோயாளியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் அந்தக் குரலில் ஒலிக்கும். பெரும்பாலோருக்கு எங்கள் விடை, தாராளமாகப் போகலாம் என்பதே. மாமல்லபுரம் வரை போக வேண்டியதில்லை. மெரினாவின் மணலைக் கடந்து நடக்கவும் வேண்டியதில்லை. இராயபுரமும் திருவொற்றியூரும் போதும்.

திட்டமிடும் முறைதான் வேறு. உடல்நலத்தோடு இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிவிட்டு நேரத்தை அதற்குள் அடைப்பார்கள். நோயிலிருந்து மீண்டு வருபவர் வெயில் ஏறும் நேரத்தையும் மருந்து வேளையையும் கழிவறை இருக்கும் இடத்தையும் முதலில் எழுத வேண்டும். எஞ்சும் இடைவெளியில் ஒரு பொழுதுக்கு ஓர் இடம் என்று வைத்தால் இரண்டு நாளில் மூன்று இடம் தேறும். நான்காவதை விட்டுவிட வேண்டும்.

வெள்ளியன்றே கேட்டுக்கொள்ள வேண்டியவை

“வெளியே போகலாமா, டாக்டர்?” என்று பொதுவாகக் கேட்டால் “பார்த்துப் போய் வாருங்கள்” என்ற பொதுவான விடைதான் கிடைக்கும். எவ்வளவு தொலைவு நடக்கலாம், படி ஏறலாமா, நான் உட்கொள்ளும் மருந்துகளில் வெயில் ஒவ்வாதது உண்டா, எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்ப வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். வெயில் ஒவ்வாத மருந்து என்பது வெறும் பேச்சன்று. டாக்ஸிசைக்ளின், அமியோடரோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, மெத்தோட்ரெக்ஸேட் முதலியவற்றை உட்கொள்வோருக்குச் சாதாரண வெயிலிலும் தோல் விரைவாகக் கன்றிப் போகக்கூடும். அவர்களுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் அலங்காரமல்ல.

சிலர் இந்த வாரம் போகக் கூடாது. அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். வேதிச்சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாள்களில் கூட்டமான கோயிலும் சந்தையும் வேண்டா. வேதிச்சிகிச்சை பெறுபவருக்கு எந்நாளிலும் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். காசநோய்க்கு இப்போதுதான் மருந்து தொடங்கியவர்கள், தொற்று நின்றுவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை நெரிசலான மூடிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். குளிரூட்டிய மெட்ரோ பெட்டியும் அவற்றுள் ஒன்று.

இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோருக்கு நாள் கணக்கு முதன்மையானது. திங்கள், புதன், வெள்ளி என்று முறை வைத்திருப்பவருக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்த நீண்ட இடைவெளி வருகிறது. ஞாயிறு மாலைக்குள் உடம்பில் நீர் தேங்கி மூச்சு கனக்கத் தொடங்கலாம். ஆகவே அவர்களுக்குச் சனி காலையே உகந்தது. ஞாயிறு அறையில் இருக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி முறையினர் சனியன்று சோர்ந்திருப்பர். அவர்கள் ஞாயிறு காலையைத் தேர்ந்துகொள்ளலாம். இதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர், வெளியே கிளம்பும் நாளில் கழிவறைக்கு அஞ்சி அதைத் தாமே நிறுத்திவிடுவதை அடிக்கடி காண்கிறோம். நிறுத்தக் கூடாது. வேளையைச் சற்று முன்னோ பின்னோ மாற்றலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும்.

வெயிலும் கடற்காற்றும்

சென்னையின் வெயிலை வெப்பமானி காட்டும் எண்ணை வைத்து மட்டும் அளக்க இயலாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடம்பு தணிவதில்லை. முதியவர்களும், நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோரும், வயிற்றுப்போக்கிலிருந்து எழுந்தவர்களும் இதனால் முதலில் தளர்வார்கள்.

இதற்கு மாற்றாக வடசென்னைக்கு வாய்த்திருப்பது கடற்காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. கோடையில் மேல்காற்று வலுத்து வீசும் நாள்களில் இந்தக் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். அந்த நாள்களே நகரம் கொதிக்கும் நாள்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் தெருவில் இலை அசையவில்லையென்றால், அன்றைய மாலைத் திட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அக்கினி நட்சத்திரம் நிற்கும் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே இருப்பதே வேண்டா. மார்கழி பிற்பாதியும் தை, மாசி மாதங்களும்தாம் இந்நகரில் நோயாளிக்கு ஏற்ற பருவம்.

எந்தப் பருவமாயினும் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை அறைக்குள் இருங்கள். உணவு, மருந்து, உறக்கம் மூன்றுக்கும் அந்த ஆறு மணி நேரம் சரியாக இருக்கும்.

சனி மாலை: திருவொற்றியூர்

போக்குவரத்தில் எங்கள் முதல் தேர்வு மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தடம் நீட்டிக்கப்பட்டது. அதன்பின் திருவொற்றியூர் போவது நோயாளிகளுக்கும் கைகூடும் காரியமாயிற்று. நிலையங்களில் மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலியோடு பெட்டிக்குள் ஏறலாம், கழிவறையும் உண்டு. புறநகர் மின்தொடரில் கட்டணம் குறைவுதான். ஆனால் நடைமேடை மாறப் படிக்கட்டு மேம்பாலம் ஏற வேண்டியிருந்தால், இதய நோயாளிக்கும் வயிற்றில் தையல் உள்ளவருக்கும் அதுவே ஒரு நாள் வேலை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், மாலை நெரிசலில் நிற்க நேரிடும்.

தண்டையார்பேட்டையைக் கடந்ததும் வண்டி நிலத்தடியிலிருந்து மேலேறி உயரப் பாதையில் ஓடும். இருக்கைகள் பெட்டியின் சுவரை ஒட்டி நீளவாக்கில் இருப்பதால், கடற்பக்கம் பார்க்க விரும்புவோர் மேற்குச் சுவரை ஒட்டிய இருக்கையில் அமர வேண்டும். எதிர்ச் சாளரத்தில் மொட்டை மாடிகளும், உலரும் துணிகளும், அவற்றுக்கு அப்பால் கடலின் ஒரு கீற்றும் தெரியும். பல வாரங்களாகப் படுக்கைக்கு எதிரே ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இந்தக் கால் மணி நேரப் பயணமே ஓர் உலாவாகும். நடக்கவே இயலாதவர்கள் விம்கோ நகர் வரை சென்று, கீழே இறங்காமலேயே திரும்பி வரலாம். இதையும் ஓர் உலாவாகக் கணக்கிடுமாறு உறவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

காலடிப்பேட்டை என்ற நிலையம் வரும்போது வண்டியில் உள்ள பெரியவர்களிடம் அந்தப் பெயரைப் பற்றிக் கேளுங்கள். யாருடைய காலடியோ என்று பலரும் எண்ணுகிறார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு அது. காலெட்டுப்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜசுவாமி கோயில் அருகிலேயே இருக்கிறது. உச்சிப்பொழுதில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். ஆகவே நான்கரை மணிக்கு முன் கிளம்பிப் பயனில்லை. கருவறையில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டுமே கவசம் களையப்பட்டுத் தைலக் காப்பு நடைபெறும். கருவறையின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்திருப்பதைச் சுற்றி வருகையில் காணலாம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லால் எழுப்பப்பட்டது அது. வடிவுடையம்மன் சந்நிதியில் தியாகராஜ சுவாமிகள் பாடிய ஐந்து கிருதிகளைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று இசையுலகம் போற்றுகிறது. ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகளார் இக்கோயிலுக்கு நடந்தே வந்து வழிபட்டவர்.

கண் சிகிச்சைக்கு வருவோரின் குடும்பங்கள் இவ்வூரில் பேசிக்கொள்ளும் பழங்கதை ஒன்று உண்டு. சுந்தரர் இங்குச் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் கூறிய சூளுறவை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார். பார்வை ஒரே நாளில் திரும்பவில்லை. வழியில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் தெளிந்தது. மற்றொன்று திருவாரூர் சென்ற பிறகே கிடைத்தது. கதையின் இந்தப் பகுதியை எங்கள் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் தம்மிடம் வருவோருக்கு விரும்பிச் சொல்வார். ஊன்றுகோலை வெட்கத்தோடு மறைப்பவர்களுக்காகவே சொல்வதாகத் தோன்றுகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கு ஓர் எச்சரிக்கை. கோயிலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கருங்கல் தளத்தின் சூடு தெரியாது. சுற்றி முடித்து வீடு வந்து பார்க்கும்போதுதான் பாதத்தில் கொப்புளம் தெரியும். அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை இழக்கும்வரை கொண்டுபோய்விட்ட நிலைகளை அறுவைப் பிரிவினர் அறிவர். ஆதலால் பிராகாரத்தை வெயில் இறங்கிய பின்னரே சுற்றுங்கள். பருத்திக் காலுறை அணிந்துகொள்ளலாமா என்று வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் உடன் வந்தவர் விளக்கொளியில் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்பவருக்குப் பெரும்பாலும் உள்ளங்கால் எட்டுவதில்லை.

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வருகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். அன்று காலையில் மேலூர்த் திருவுடையம்மன், நண்பகலில் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று தலங்களையும் ஒரே நாளில் வழிபடும் வழக்கம் உண்டு. வேண்டுதல் இருப்போர் பலருக்கு அதுவே நினைவுக்கு வரும். நோயுற்றவர் அந்த நெரிசலில் செல்வதைவிட, வீட்டில் உரம் உள்ள ஒருவர் அவருக்காகச் சென்று வருவதே நன்று. மறுநாள் சனி மாலை அதே அம்மன் சந்நிதியில் நின்று நிதானமாகக் கும்பிட இடம் கிடைக்கும்.

கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பேய்க்கரும்பு இனித்த இடம் என்று இவ்வூரில் தங்கியவர் அவர். அங்குச் செல்லக் கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்க வேண்டும். மெதுவாக நடப்பவர்கள் ஆட்டோவிலேயே செல்லட்டும். கோயிலும் சமாதியும் ஒரே மாலையில் சிலருக்கு மிகும். களைத்தால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை: இராயபுரம்

இராயபுரத்தை ஆட்டோவில் அமர்ந்தபடியே பார்க்கலாம் என்பது எங்கள் பரிந்துரை. ஒரு மணி நேரத்துக்கு வாடகை பேசிக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பினால், எட்டுக்குள் சிற்றுண்டிக்குத் திரும்பிவிடலாம். இன்சுலின் போடுபவர்கள் உண்ணும் நேரம் தவறாதிருக்க இந்தக் கணக்கு உதவும்.

முதலில் தொடர்வண்டி நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இங்கிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. பம்பாயில் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே வண்டி ஓடியது. ஆனால் அந்தத் தொடக்ககால நிலையக் கட்டடங்கள் இன்றில்லை. இந்தியாவில் நிலைத்து நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இராயபுரத்துடையதே. நெடிய தூண்களைக் கொண்ட முகப்பை வண்டியிலிருந்தே காணலாம். இரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் உங்கள் வீட்டில் இருந்தால் மட்டும் அந்த ஒரு மணி நேரம் போதாது.

அடுத்து இராயப்பர் ஆலயம். தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என்றே அழைத்தனர். இராயபுரம் என்ற பெயர் அவரால் வந்தது. துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கடலில் நிற்க, அலைகளை மீறி ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்த படகோட்டிகளின் ஆலயம் இது. சற்றுத் தொலைவில் பார்சிகளின் அக்கினிக் கோயில் உள்ளது. 1910-இல் எழுந்தது, தமிழ்நாட்டில் இது ஒன்றே. பிற சமயத்தார் உள்ளே செல்ல இயலாதாதலின் வெளியிலிருந்து பார்த்துச் செல்வதே முறை. பழைய இராபின்சன் பூங்கா இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழைக்கிடையே நடந்த இடம். காலையில் நிழலில் பத்து நிமிடம் அமர இது உதவும். உடன் வந்தவர் நடக்க, நோயாளி அமர்ந்திருக்கலாம்.

அருகே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னை முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அம்மருத்துவமனை. ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் 1930-களில்தான் வந்து சேர்ந்தது. பெயர் மாறிய பின்னும் கஞ்சியை மக்கள் மறக்கவில்லை. இப்பகுதியில் உலாவுவோருக்கு இன்னொரு வசதி, அவசரம் நேர்ந்தால் பெரிய மருத்துவமனை அருகிலேயே இருப்பது. 108-ஐ அழைக்கும்போது நிற்கும் தெருவின் பெயரையும் அருகிலுள்ள கோயிலையோ நிலையத்தையோ சொல்லுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஞாயிறு விடியலில் வஞ்சிரமும் சங்கராவும் கிழங்கானும் இறாலும் குவிந்து கிடக்க, ஏலக் குரல்கள் எழும் அந்தக் காட்சி வடசென்னையின் உயிர். ஆயினும் நோயாளி அங்கே வேண்டா. தரை ஈரமாய் வழுக்கும். தலைச்சுமையோடு ஓடி வருவோர் ஒதுங்கி நிற்கும்படி அதட்டுவார்கள். வேதிச்சிகிச்சை பெறுபவருக்கு வாடையே குமட்டலை உண்டாக்கும். உடனிருப்பவர் சென்று வரட்டும். பல வாரம் மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவருக்கு, யாருடைய மாத்திரை வேளையையும் நினைக்காமல் மீன் விலை பேசும் அரை மணி நேரம் தேவை. அவ்வேளையில் நோயாளியோடு இருக்க உறவினர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பழத்தோடு பார்க்க வரும் உறவினரிடம், பழத்துக்குப் பதில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தந்தால் உதவியாயிருக்கும் என்று சொல்வதில் தவறில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் அந்த 61 நாள்களும் துறைமுகம் அடங்கியிருக்கும்; மீன் விலையும் ஏறியிருக்கும்.

ஞாயிறு மாலை: கல்லோரம்

மெரினாவை எதிர்பார்த்து வடக்கே வருபவர்கள் மணற்பரப்பு எங்கே என்று கேட்பார்கள். அந்த மணல்தான் மெரினாவில் கிடக்கிறது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழுந்தபின் மணல் அவற்றின் தெற்கே தங்கியது, மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் போகக் கடல் உள்ளே நுழைந்து தெருக்களையும் வீடுகளையும் தின்றது. அதைத் தடுக்கவே கருங்கல் குவியல்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும். தென்சென்னையின் அழகுக்கு வடசென்னை கொடுத்த விலை இது என்று மீனவப் பெரியவர்கள் சொல்வது அறிவியலுக்கும் ஒத்ததே.

நோயாளியின் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு நன்மையும் உண்டு. மெரினாவில் கடலை அடையச் சுடுமணலில் நெடுந்தொலைவு கால் புதைய நடக்க வேண்டும். இங்கே சாலையோரத்திலேயே கடல். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, உள்ளேயே அமர்ந்து காற்று வாங்கலாம். கற்களின்மேல் மட்டும் ஏறாதீர்கள். பாசி படர்ந்தவை, இடுக்குகள் ஆழமானவை. மடக்கு நாற்காலி ஒன்று இருந்தால் நலம். கரை கிழக்கு நோக்கியிருப்பதால் காலையில் வெயில் கண்ணைக் குத்தும். மாலை ஐந்துக்கு மேல் வீடுகளின் நிழல் கடல் பக்கமாக நீளும். ஆகவே இவ்விடத்துக்கு மாலையே ஏற்றது.

எண்ணூர் முகத்துவாரம் அழகிய இடம். கொசத்தலையாறு கடலில் சேரும் நீர்ப்பரப்பும் படகுகளும் ஓவியம் போலிருக்கும். ஆயினும் மூச்சு நோயாளிகளுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கனரக வண்டிகளின் புகையும் தூசியும் ஒரு காரணம். தொழிற்சாலைகளின் நெருக்கம் மற்றொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26-ஆம் நாள் இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் இங்குதான். எண்ணூர் மக்கள் அந்தக் காற்றிலேயே நாள்தோறும் வாழ்கிறார்கள். நாம் ஒருநாள் தவிர்ப்பதைப் பெரிதாகச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பும் உள்ளவர்கள் திருவொற்றியூரோடு நின்றுவிடுங்கள். உறிஞ்சு மருந்தைச் சட்டைப் பையிலேயே வையுங்கள்.

உணவும் பையும்

வெளியூர்ப் பயணத்தில் முதலில் கைக்கு வருவது இளநீர். சிறுநீரக நோயாளிக்கு அது ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பையே குலைக்கும். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று அன்போடு வெட்டிக் கொடுப்பவரிடம் மறுத்துச் சொல்லத் தயங்காதீர்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் இப்பக்கம் கொண்டுவந்த அத்தோ, காசிமேட்டுக் கருவாடு இரண்டும் ஆசையைத் தூண்டுபவை; உப்புக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சூடாகச் செய்ததை உண்ணலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு வெட்டி வைத்த பழமும், சட்னியில் சேர்ந்த பச்சைத் தண்ணீரும் கூடாது. இட்லியும் ரசமும் இந்நகரில் எங்கும் கிடைக்கும்.

பையில் கனம் வேண்டா. மருந்துச் சீட்டின் நகல், இரண்டு நாளுக்கு மேல் ஒரு நாள் கூடுதலான மருந்து, கொதித்தாறிய நீர், சர்க்கரை நோயாளிக்கு ஒரு கைப்பிடி சர்க்கரை அல்லது மிட்டாய், குடை, ஒரு மாற்றுத் துணி. இன்சுலினை நிறுத்திய வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். வெப்பத்தில் வீரியம் போய்விடும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டி வைத்தாலும் உறைந்து கெடும். அறையில் குளிர்பெட்டி இல்லையென்றால், ஈரம் படாதபடி மூடி, நீர் தெளித்த மண்பானைக்குள் வைக்கும் பழைய முறை பயன்படும். வயிற்றில் பை பொருத்தியவர்கள் மாற்றுப் பை ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். மெட்ரோ நிலையத்தில் கழிவறை எப்பக்கம் என்று இறங்கியவுடனே பார்த்து வைத்துக்கொள்வது மனத்துக்கு அமைதி தரும்.

நடக்கும்போது அளவு காண எளிய வழி ஒன்று உண்டு. உடன் வருபவரோடு தொடர்ந்து பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கினால் அமர்ந்துவிட வேண்டும். மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல், வியர்வை நின்று தோல் சூடாதல், பேச்சு குழறுதல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கக் கூடாது.

ஞாயிறு இரவு ஒரு துண்டுத் தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு நேரம் நடந்தார், எங்கே அமர வேண்டியிருந்தது, எப்படி உறங்கினார், கால் வீங்கியதா. இதய நோயாளியாயின் வெள்ளி, சனி, ஞாயிறு காலை எடைகளையும் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் திங்கள் வரிசையில் நிற்கும்போதே செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் படுத்திருந்தவரிடமிருந்து கிடைக்காத செய்தி இது. சோதனை முடிவோடு சேர்த்து அந்தத் தாளையும் மருத்துவர் மேசையில் வையுங்கள்.